இருபத்திரண்டு விநாடிகள்

ஆறு நிமிடத்தைத் தாண்டினால் ஒரு வீடியோவை யாரும் பொறுமையாகப் பார்க்கமாட்டார்கள், ஐயா. அதனால் நான் எடுத்தது எதுவும் ஆறு நிமிடத்தைத் தாண்டாது.

லிஃப்ட் பராமரிக்கும் எங்கள் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். படம், குரல், ஸ்லைடு எல்லாம் நானே. முடித்ததை ஓர் இணையதளத்தில் ஏற்றி, லிங்க்கை மெக்கானிக்குகளுக்கு அனுப்புவேன். யார் பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எதைத் திரும்ப ஓட்டினார்கள் என்பதெல்லாம் என் திரையில் தெரியும். கடைசிவரை ஓடினால் பெயருக்கு நேரே டிக் விழும். ஒன்பது வருடத்தில் நாற்பத்தொரு வீடியோக்கள்.

ஒருநாள் மேனேஜரிடம் புது கேமரா கேட்டேன்.

"உங்க வீடியோவ எவன் சார் பாக்குறான்? ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுறானுங்க. டிக் விழுந்தா சரின்னு இருக்கானுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. சொன்னது உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதுதானே நியாயம்?

புது மாடல் லிஃப்டில் மெயின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, உள்ளே ஆள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, சற்று நேரத்தில் பேட்டரி லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குத் தானாக நகர்த்திவிடும். பேட்டரி சுவிட்சையும் அணைத்த பிறகுதான் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழிக்குள் இறங்கவேண்டும். அதைச் சொல்லும் இருபத்திரண்டு விநாடிகளை வெட்டினேன். ஸ்லைடிலும் அந்த வரியை எடுத்துவிட்டு, பழையதன் இடத்தில் இதை ஏற்றினேன். லிங்க் மாறாது; அதையே எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன். ஒழுங்காகப் பார்ப்பவர் ஒருவராவது இருந்தால் கேட்பார் அல்லவா?

பதினோரு நாட்கள். முப்பத்தாறு பேருக்கு டிக் விழுந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் பழைய ஆட்கள், வீடியோ இல்லாமலே வேலை தெரிந்தவர்கள். ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, புதிதாகச் சேர்ந்தவர் திறந்தார். எதையும் நோட்டில் எழுதிக்கொள்வதால் அவருக்கு வாத்தியார் என்று பெயர். நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். முழுதாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நான் வெட்டிய இடத்தில், மூன்றாவது நிமிடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டினார். திரையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பத்தரைக்கு லிஃப்ட் இறங்கியது. குழியில் நிமிர்ந்து நின்றவருக்கு அங்கே இடமில்லை.

வெட்டாத வீடியோவைப் பதினொன்றுக்கு மறுபடி ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அவரு சொல்லிக் குடுத்தத மீறமாட்டாரே, எப்படிண்ணே?" என்று கேட்டார். மீறவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் போன் பட்டியலில் அன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எனக்கு வந்த ஓர் அழைப்பு இருக்கிறது. ஆமாம், வாத்தியார்தான்.

"அண்ணே, மெயின அணைச்சிட்டு நேரா குழிக்குள்ள எறங்கிடலாமா? நடுவுல ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கே."

ஒருவர் கேட்டுவிட்டார். சோதனை அத்தோடு முடிந்தது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். ஆனால் என் வீடியோவில் பிழை இருக்கிறது என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

"எதுவும் விட்டுப்போகல. அதுல இருக்கிறபடியே செய்ங்க" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்."

ஒன்பது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, ஐயா. திரும்பக் கூப்பிட்டு அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.