கொதிக்க வைத்த தண்ணீர்

“அந்தத் தண்ணியைக் கொதிக்க வைக்காதேங்கோ, தங்கச்சி.”

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், மடியில் கைக்குழந்தையோடு இருந்த எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். எங்கள் பக்கக் கிணறுகளைச் சோதிக்கும் எஞ்சினியர் அவர். அவருக்கு அருகில் சுருவில் கிராமத்துப் பெண்ணொருத்தி.

“ஏன் சேர்? பிள்ளைக்குப் பால்மா கரைக்க ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறனான்.”

“கிருமியெண்டாச் சாகும். உங்கட கிணத்தில இருக்கிறது நைத்திரேற்று. தோட்டத்துப் பசளையும் கக்கூஸ் குழியும் ஊறி வந்தது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் குறையும், அது குறையாது. கைக்குழந்தைக்கு நஞ்சு. குடிக்க வேண்டாமெண்டு கிணத்தடியில போட் எழுதி வைச்சனாங்களே.”

“அந்தப் பலகை இப்ப ஆரோ ஒராளின்ர கோழிக்கூட்டுக்குக் கதவு.”

அவர் சிரிக்கவில்லை. “பிள்ளைக்கு எத்தினை மாசம்?”

“மூண்டு.”

“உதடு, நகம் நீலமா இருந்ததோ?”

“காலமை கொஞ்சம். குளிராக்குமெண்டு தொப்பி போட்டுவிட்டனான்.”

“வீட்டுக்குப் போன் எடுங்கோ. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டும்.”

அவள் மாமியாரை அழைத்தாள். “மாமி, அந்தப் போத்தலைக் குடுக்காதேங்கோ.” பிறகு மாமி சொன்னதைக் கேட்டாள்.

நான் என் மகளின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி உதட்டைப் பார்த்தேன்.

“குடிச்சு முடிச்சிட்டானாம், சேர்,” என்றாள் அவள். “நல்ல நித்திரையாம். மாமி எழுப்பிப் பாக்கிறா.”