காம்பை விடாத மிளகாய்

வெள்ளத்தாய்: ...வரப்புல நின்னே பாருங்க அண்ணாச்சி. செடிக்குள்ள கால வச்சா இன்பம் கோவிச்சுக்கிடுவா.

வந்தவர்: இல்லல்ல... இங்கனயே நிக்கேன். விதை வாங்கத்தான் வந்தேன். ராஜபாளையத்துல யாவாரம். பேரு ஆவுடையப்பன்.

இன்பம்: அதை வந்ததுமே சொல்லிட்டீகளே.

வந்தவர்: சொல்லிட்டனா... சரி. வத்திராயிருப்புலருந்து இந்தப் புதுப்பட்டி வார வரைக்கும் பாத்துக்கிட்டே வாரேன். ஒரு தோட்டம் விடாம மிளகாய்ச்செடி இலை சுருண்டு கெடக்கு. உங்க தோட்டத்துல மட்டும்...

வெள்ளத்தாய்: கண்ணு வச்சிராதீக.

வந்தவர்: பாக்காமப் போக முடியலையே. எம்புட்டு காய்... ஏங்க, இது என்ன, காயெல்லாம் மேல பாத்து நிக்குது?

இன்பம்: அது அப்படித்தான் நிக்கும்.

வந்தவர்: சம்பா மிளகாய் தொங்கும். குண்டும் தொங்கும். மலையடிவாரத்துக் காந்தாரிதான் வானத்தைப் பாக்கும். ஆனா இது விரல் நீளம் இருக்கு. காந்தாரியும் இல்ல, சம்பாவும் இல்ல... எனக்கு விதை வேணும். என்ன வெலைன்னாலும் சரி.

இன்பம்: விக்கிறதா இல்லைங்க.

வெள்ளத்தாய்: போன சந்தைக்கு சீவில்லிபுத்தூர்லருந்தே ஆளு வந்து கேட்டுப்போயிட்டாக. அசையலையே இவ.

வந்தவர்: அடுத்த வருசம் வந்து கேக்கட்டா?

இன்பம்: அடுத்த வருசம் இந்தத் தோட்டமே இருக்காது. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு தேவதானத்துலருந்து என்னையப் பொண்ணு பாக்க வாராக. நான் கல்யாணமாகிப் போயிட்டா எங்க அண்ணன் இதை உழுது பருத்தி போட்டுருவாரு. ராஜபாளையத்துல மில்லு வந்ததுலருந்து அவருக்குப் பருத்திதான் சாமி.

வந்தவர்: உழுதிருவாரா... இதையா?

வெள்ளத்தாய்: அண்ணாச்சிக்கு மொகம் வாடிப்போச்சு. உங்க தோட்டம் மாதிரிப் பதறுதீக.

வந்தவர்: பதறாம என்ன செய்ய? சர்க்கார் பண்ணையில வேலை பாத்தப்பக்கூட இப்படி ஒரு செடியைப் பாத்ததில்ல.

வெள்ளத்தாய்: யாவாரம்னீகளே?

வந்தவர்: அது... யாவாரத்துக்கு முந்தி.

இன்பம்: விடு வெள்ளத்தாயி. பண்ணையில மிளகாயைப் பத்தி என்ன சொன்னாக?

வந்தவர்: மிளகாய் நம்ம நாட்டுதே இல்லையாம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பறங்கிக்காரன் கப்பல்ல வந்துச்சாம்.

வெள்ளத்தாய்: போங்க அங்கிட்டு. மிளகாய் இல்லாம எங்க பூட்டன் காலத்துல எதை அரைச்சாகளாம்?

வந்தவர்: மிளகை. இதுவும் மிளகாட்டம் உறைக்கவும் அந்தப் பேரையே ஒட்டவச்சுட்டாக. ஆனா மிளகுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மிளகு வெத்தலைக் கொடிக்குப் பங்காளி.

இன்பம்: மிளகாய் கத்தரிக்குப் பங்காளி.

வந்தவர்: ...உங்களுக்கு யாரு சொன்னா?

இன்பம்: பூவைப் பாத்தா தெரியாதா? கத்தரி, சுண்டை, மணத்தக்காளி, மிளகாய்... நாலு பூவையும் உள்ளங்கையில வச்சுப் பாத்திருக்கேன். நெறம்தான் வேற. மூஞ்சி ஒண்ணு.

வந்தவர்: தக்காளியும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

இன்பம்: அப்படியா... அதை நான் பாக்கலையே. மஞ்சப் பூவுல்ல, விட்டுட்டேன்.

வெள்ளத்தாய்: ஏட்டி, கூடையில கையப் போடு. நீங்க ரெண்டு பேரும் என்ன, மிளகாய்க்குச் சம்பந்தம் பேசுதீகளா?

வந்தவர்: இந்தச் செடி எப்படி வந்துச்சு? அதை மட்டுமாச்சும் சொல்லுங்க.

இன்பம்: வேலியோரம் ஒரு காந்தாரி நின்னுச்சு. குருவி போட்டது.

வந்தவர்: குருவிக்கு உறைக்காது.

இன்பம்: உறைக்காது. ஆடு மோந்து பாத்துட்டு ஓடும். கொண்டைக்குருவி பழம் பழமா முழுங்கும், விதை எச்சத்தோட முழுசா வந்து விழும். காந்தாரிக்குத் துணை குருவிதான. அதான் மேல பாத்து நின்னு கூப்பிடுது. பழுத்ததும் தொட்டா காம்பை விட்டுருது.

வந்தவர்: வீட்டு மிளகாய் அப்படி விடாதே.

இன்பம்: விட்டா எப்படி வீட்டுக்கு வரும்? உதுந்தது மண்ணோட போச்சு. காம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னதுதான் பறிக்கிறவ கூடைக்கு வந்துச்சு. கூடைக்கு வந்ததுதான் மறுவருசம் விதையாச்சு. கடலுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ... எத்தனை பொம்பளைக பறிச்சாகளோ. பறிச்சுப் பறிச்சே அதோட குணத்தை மாத்திட்டாக.

வந்தவர்: காயும் கீழ தொங்கி, இலைக்குள்ள மறைஞ்சு, குருவி கண்ணுக்குத் தப்பி...

இன்பம்: ம். பொறவு குருவி எதுக்கு? நாமதான் குருவி.

வந்தவர்: ...இன்னொருக்கா சொல்லுங்க.

வெள்ளத்தாய்: செத்த நேரத்துல பாடம் படிக்க உக்காந்துருவாரு போலயே.

இன்பம்: அந்தக் காந்தாரிக்குப் பக்கத்துலயே அம்மா சம்பா போட்டிருந்தாக. தேனீ என்ன செஞ்சுச்சோ... மறுவருசம் நாத்துல இப்படி ஒண்ணு மொளைச்சு வந்துச்சு. நீளத்துக்குச் சம்பா, நிமிர்றதுக்குக் காந்தாரி. அந்த வருசம்தான் மொதல்ல இந்த இலைச்சுருட்டை நோய் விழுந்துச்சு. தோட்டமே போயி அது மட்டும் நின்னுச்சு.

வந்தவர்: அது நடக்காத காரியங்க. ரெண்டும் சொந்தம்தான், ஆனா லேசுல ஒட்டாது. பிஞ்சே புடிக்காது. புடிச்சாலும் அதோட பிள்ளைக ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சு போயிரும்.

இன்பம்: பிரிஞ்சுதான் போச்சு. சிலது தொங்குச்சு, சிலது உதுந்துச்சு. உதுந்த செடியப் புடுங்குனேன். சுருண்டதப் புடுங்குனேன். நிமிந்தும் நிக்கணும், காம்பையும் விடக்கூடாது, அதை மட்டும் வச்சுக்கிட்டேன்.

வெள்ளத்தாய்: இவ அண்ணன் போடுத சத்தம் தெக்குத்தெரு வரைக்கும் கேக்கும். காய்ச்ச செடியப் புடுங்குதாளே பாவின்னு.

வந்தவர்: ஏன், இந்தச் செடியில நூல் கட்டியிருக்கு?

இன்பம்: விதைச்செடி. ஊர்ல எல்லாரும் களத்துல காயவச்ச பொறவு, குமியில பெரிய வத்தலாப் பாத்து விதை எடுக்காக. குமிஞ்ச பொறவு எது எந்தச் செடியோட காயின்னு எப்படித் தெரியும்? வத்தலு பெருசா இருக்கும், செடி நோஞ்சானா இருந்திருக்கும். நான் காயைப் பாத்து எடுக்க மாட்டேன், செடியப் பாத்துத்தான்.

வெள்ளத்தாய்: தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை வீட்ல போயிப் பாக்க வேண்டாம்பாகள்ல.

வந்தவர்: ஒண்ணு கடிச்சுப் பாக்கட்டா?

இன்பம்: காந்தாரி ரத்தம் ஓடுது. யோசிச்சுக்கோங்க.

வந்தவர்: நாங்க தேவதா... ராஜபாளையத்துக்காரங்க. உறைப்புக்கெல்லாம் அசர மாட்டோம்... ம்... நல்லாத்தான இரு... சேசுவே... மரியாயே...

வெள்ளத்தாய்: என்ன அண்ணாச்சி? பேரு ஆவுடையப்பன், வாயில மாதா வாரா?

வந்தவர்: கூட்டாளி ஒருத்தன்... வேதக்காரன்... அவன்ட்ட பழகி... தண்ணி... தண்ணி இருக்கா?

இன்பம்: தண்ணி குடிச்சா வாயெல்லாம் பரவும். வெள்ளத்தாயி, தூக்குச்சட்டியில மோர் இருக்கு, எடுத்துக் குடு.

வெள்ளத்தாய்: இந்தாங்க, மெதுவா... பாவம், கண்ணுல ஆறா ஓடுது. ஏட்டி, அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை ஆறுதலாக் கூப்பிடேன். வந்ததுலருந்து நீ ஒருக்காகூடக் கூப்பிடல.

இன்பம்: எனக்கு அண்ணன் ஒருத்தர் இருக்காரு. போதும்.

வந்தவர்: ...அப்பா. இப்ப தேவலை. உறைப்புக்குப் பொறவு ஒரு இனிப்பு வருதே... அது சம்பாவோடது.

இன்பம்: கண்டுபிடிச்சிட்டீகளே. எங்க வீட்ல ஒருத்தருக்கும் அது தெரியல.

வெள்ளத்தாய்: இவ சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு.

இன்பம்: நீங்க ஊரு ஊராப் போறவுக. தேவதானத்துல சூசைன்னு ஒருத்தரைத் தெரியுமா?

வந்தவர்: சூசையா... கேள்விப்பட்டிருக்கேன்.

இன்பம்: ஆளு எப்படி?

வந்தவர்: தங்கமான ஆளு.

வெள்ளத்தாய்: கேள்விப்பட்டதுக்கே தங்கமா?

இன்பம்: தங்கத்தை வச்சு நான் என்ன செய்ய? அவுக நெல்லு வெளையுற வீடாம். மிளகாய்க்கு எடம் இருக்குமான்னு தரகர்ட்ட கேட்டேன், சிரிக்காரு. பொண்ணு பாக்க வரும்போது குனிஞ்ச தலை நிமிராம நிக்கணுமாம். நான் எப்படிக் கேக்க? எடம் இல்லைன்னா நான் அந்த வீட்டுக்கு வரலன்னு யாருட்டச் சொல்ல?

வந்தவர்: எடம் இருக்கு. கண்மாய்க்கரை மேல மேட்டுக்காடு சும்மாத்தான் கெடக்கு. கெணறு இருக்கு. சுத்துவட்டாரத்துல வேற மிளகாய் கெடையாது. அதான் முக்கியம். பக்கத்துல வேற இருந்தா தேனீ மறுபடி கலந்துவிட்டுரும். நீங்க பாத்த பாடெல்லாம் வீணாப் போயிரும்.

இன்பம்: அவுக வீட்டுக் கொல்லையில நிக்கிற மிளகாய்?

வந்தவர்: நாலு குண்டுச்செடிதான். புடுங்கிருவான்.

இன்பம்: அவுக அம்மா விடுவாகளா?

வந்தவர்: அம்மாட்ட நான்... அவன் சொல்லிக்கிடுவான்.

வெள்ளத்தாய்: கேள்விப்பட்ட ஆளுக்காக எம்புட்டு வாக்குக் குடுக்காக, பாத்தியா.

வந்தவர்: சிரிங்க, பரவால்ல. இந்தச் செடி அழியக்கூடாது, மனசாரச் சொல்லுதேன். தலையும் குனியாம காம்பையும் விடாம ஒரு மிளகாயை நான் எங்கயும் பாத்ததில்ல. இதைப் பொறுக்கிப் பொறுக்கி ஆளாக்குன கையையும் பாத்ததில்ல.

வெள்ளத்தாய்: ஏட்டி, கூடையை ஏன் கீழ வச்சுட்ட?

இன்பம்: நூல் கட்டுன செடியில நல்லாப் பழுத்ததா நாலு பறி. இல்ல, இரு... நானே பறிக்கேன்.

வெள்ளத்தாய்: விக்க மாட்டேன்னவ?

இன்பம்: விக்கலையே. இந்தாங்க, புடிங்க.

வந்தவர்: கையில தராதீங்க... வரப்புல வைங்க, எடுத்துக்கிடுதேன். மிளகாயைக் கையில குடுத்து வாங்குனா ரெண்டு பேருக்கும் சண்டை வரும்பாக.

இன்பம்: போன வாரம் உங்க அம்மாவும் ராஜபாளையத்து யாவாரின்னு சொல்லித்தான் வந்தாக. மாமியார் மருமகளுக்குள்ள சண்டை வரக்கூடாதுன்னு அவுகளுக்கு மிளகாயை வரப்புலதான் வச்சேன். நம்ம ரெண்டு பேருக்கும் கட்டிக்கிட்ட பொறவு எப்படியும் வரத்தான செய்யும்... கையை நீட்டுங்க.