திரும்பி வந்த தாம்பூலம்

எனக்கு வெற்றிலை பிடிக்காது. பல்லில் கறை ஏறும். நான் கோயில் தலைவர், சிரித்தால் வெள்ளையாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சங்கத்திலிருந்து வந்திருக்கும் நீங்கள் கேட்கிற விவகாரமே ஒரு வெற்றிலைத் தட்டில்தான் இருக்கிறது.

எழுபத்தெட்டாம் வருடம் நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். கொழுந்து பறிக்கும் வடிவம்மாளுக்குப் பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் கால் ஏக்கர் நிலம் இருந்தது. அவள் அண்ணன் விட்டுப்போனது. புருஷன் சிங்காரத்தின் நெஞ்சு நோய்க்கு வைத்தியம் பார்க்க அதை விற்க வந்தாள். நானே வாங்குவதாக ஒப்பந்தம் எழுதினேன். நல்ல ஆங்கிலம், வக்கீலே பாராட்டினார். மாத முடிவுக்குள் மனம் மாறினால் எழுத்தில் தெரிவித்து ரத்து செய்யலாம் என்று அவளுக்காகவே ஒரு விதியும் சேர்த்தேன். நான் நியாயஸ்தன். அவள் கைநாட்டு வைத்தாள். கோயில் வாசலில் தாம்பூலத் தட்டில் முன்பணம் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே, வயதாகிவிட்டதென்று தோட்டத்துத் துரை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அந்த நிலத்தை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை.

மாதம் முடியுமுன் ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்கு வந்த கூட்டம் கலையுமுன், அதே தட்டோடு வந்தாள். வெற்றிலை, பாக்கு, முன்பணம். நிச்சயித்த கல்யாணத்தையே எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் முறிப்பார்கள். தட்டு திரும்பினால் பேச்சு முடிந்தது.

“கிராணி ஐயா, கோவிச்சுக்காதீங்க. நெலம் வேணும்யா. ஒரு குடிசை போட்டுக்கணும்.”

அவள் விரலெல்லாம் கொழுந்துக் கறை. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

“எழுதித் தரணும்னு கூடக் கொழுந்து பறிக்கிற வேலாயி சொல்றா. ஐயாவே எழுதிடுங்க லா, நான் கைநாட்டு வெக்கிறேன்.”

“அம்மன் முன்னாடி தட்டு வாங்கிட்டேன். இதுக்கு மேல என்ன எழுத்து, வடிவம்மா? நம்ம ஆளுங்களுக்குள்ள காகிதமா?”

“பெரிய மனுசன்னா இப்படில்ல இருக்கணும்!” என்றான் பூசைக்கு வந்திருந்த மாடசாமி. கூட்டமே தலையாட்டியது.

வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவினேன். மாதம் முடிந்தது. எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மீதிப் பணத்தை வக்கீலிடம் கட்டி நிலத்தைக் கேட்டேன். வடிவம்மாள் அவர் அறையிலும் தட்டைப் பற்றியே பேசினாள்: “வாங்கிக்கிட்டாரே, ஊரே பாத்துச்சே.” சட்டத்துக்குத் தட்டு தெரியாது. முன்பணம் அவளாகத் திருப்பித் தந்தது. அதை மறுபடி நீட்டினால் அவளுக்கு அவமானம். வைத்துக்கொண்டேன்.

லயத்தையும் விட்டு, அவளும் சிங்காரமும் திரிங்காப் ஊரில் முட்டைக்கோசு மூட்டை அடுக்கும் கொட்டகையில் படுத்துக் கிடந்தார்கள். அந்த மழைக்குளிரில் சிங்காரம் போய்விட்டான். மாலை வாங்கிப் போனது நான்தான். போட்டுவிட்டு நிமிர்ந்தேன், வடிவம்மாள் என் நெஞ்சில் காறித் துப்பினாள். வெற்றிலை எச்சில். அந்தச் சட்டை வெளுக்கவே இல்லை. இவர்களுக்கு நாகரிகம் வர இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

நிலத்தில் இப்போது என் வீடு நிற்கிறது. ‘அன்பு இல்லம்’ என்று வாசலில் பலகை இருக்கும், வரும்போது பார்த்திருப்பீர்கள்.

ஏமாற்றினேனா என்று கேட்கிறீர்கள். எழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவனே நான். அவள் கேட்டபடி எழுதிக் கொடுத்திருந்தால் நிலம் கைவிட்டுப் போயிருக்கும். அதனால் எழுதவில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் மரியாதையில் நான் குறை வைத்ததில்லை. அன்று அவள் கொண்டுவந்த வெற்றிலை வாடியிருந்தது. இதுவரை யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.