ஏழு முறை கழுவிய பொடி

ஐயா,

அன்று கூட்ட அறையில் நாங்கள் நான்கு பேர். மின்விசிறிக்கு நேர் கீழே முதலாளி. அவருக்கு வலப்பக்கம், பொடி வாங்க வந்த மருந்துக் கம்பெனிக்காரர். எதிரே நான். கதவோரம் என் தங்கை கணவர், எங்கள் ஆலையின் தரப் பரிசோதகர். இறால் அவருக்கு ஆகாது. ஆவி பட்டாலே கண் அரிக்கும். அதனால் எப்போதும் கதவோரம்தான்.

இறால் ஓட்டிலிருந்து மூட்டுவலி மருந்துக்கான பொடி எடுப்பது எங்கள் தொழில். மற்றவர்கள் ஓட்டை அமிலத்திலும் காரத்திலும் வேகவைத்து, கழிவை வாய்க்காலில் விடுகிறார்கள். நான் ஆறு வருடம் மெனக்கெட்டு, வெந்நீரும் ஒரு வினையூக்கியும் போதும் என்று செய்து காட்டினேன். அந்த வினையூக்கி மணல் மாதிரி இருக்கும். வடிகட்டிக் கழுவினால் மறுபடி உதவும். கையில் பட்டாலும் சுடாது.

மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போடவில்லை. காரத்தில் வேகாததால், ஓட்டில் ஒட்டிய சதையின் புரதம் பொடியில் தங்கிவிடுகிறதாம். பரிசோதனைக் கருவி பழையது என்றேன்.

“கருவி பழசுன்னா என் தொண்டையும் பழசா மச்சான்? உங்க பொடி டப்பாவத் தெறந்தாலே அது விசில் அடிக்குதே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அவரு கையெழுத்துப் போட்டா எடுத்துக்கறேன். இல்லைன்னா பழைய மாதிரியே காரத்துல போட்டுக் குடுங்க” என்று கம்பெனிக்காரர் எழுந்துவிட்டார்.

இறால் ஆகாதவர் உடம்பைவிட நுட்பமான கருவி ஏது? மறுநாள் பதினொரு மணித் தேநீரில், ஏழு முறை கழுவிய பொடி அரைக் கரண்டி கலந்தேன். ஒவ்வாமைக்கென்று அவர் பையில் வைத்திருக்கும் அவசர ஊசியை அதற்கு முன்பே எடுத்து என் அலமாரியில் பூட்டியிருந்தேன். ஊசி ஏறிவிட்டால் முடிவு தெளிவாக வராது.

நான்காம் நிமிடம் உதடு தடித்தது. ஒன்பதாம் நிமிடம் பையைக் கவிழ்த்துத் தேடினார். “மச்சான்... ஊசி...” என்றார். நான் நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். பதினேழுக்குப் பிறகு குறிக்க ஒன்றும் இல்லை.

உங்கள் போலீஸ் அறிக்கையில், தேநீரில் விஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், திருத்திக்கொள்ளவும். அதில் ஒரு சொட்டு அமிலம் கிடையாது. கலந்தது நான், பூட்டியது நான். முறையில் குற்றமில்லை, கழுவியதுதான் போதவில்லை. இப்போது பன்னிரண்டு முறை கழுவியிருக்கிறேன்.

தங்கை மகளுக்கும் அப்பாவின் உடம்புவாகுதான். வளர்கிற எலும்புக்கு நல்லது, பாலில் கலந்து கொடு என்று எழுதி, ஒரு பொட்டலமும் வைத்து முந்தாநாள் விரைவுத் தபாலில் அனுப்பினேன். தங்கை என் பேச்சைத் தட்டமாட்டாள். இந்தக் கடிதத்தை ஒட்டியதும் சாதாரணத் தபாலில் போட்டுவிடுகிறேன். இதற்கு அவசரம் ஒன்றுமில்லை.