சிவசங்கரி தையலகம்

பத்தொன்பது வருட வேலையில் ஒருநாள்கூட நான் பொய்ப் பயணப்படி எழுதியதில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்து ஆட்டோ என்று எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லைதான். ஆனாலும் வாக்குமூலத்தில் முதலில் இது பதிவாகட்டும்.

சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு வங்கிக் கடன். அதில் மூன்றில் ஒரு பங்கு அரசு மானியம். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அறிக்கை போனால் பணம் வந்துவிடும். வங்கியிலிருந்து யாரும் எழுந்துவந்து பார்ப்பதில்லை.

பதினொரு பேர் பெயரில் கடன் எழுதினேன். எல்லோரும் சுனாமியில் கடலோடு போய் உடல் கிடைக்காதவர்கள். இறந்தவர் பெயரில் கடன் எழுதுவது மோசடி. அதை நான் செய்யவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்காத வீடுகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அரசாங்கக் கணக்கில் அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சலாட்சியின் மகள் சிவசங்கரி அப்படி ஒருத்தி. "பொணத்தக் காட்டு, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்று அந்தம்மா சான்றிதழையும் நிவாரணத்தையும் மறுத்துவிட்டார். ரேஷன் அட்டையில் மகள் பெயர் அப்படியே இருந்தது. அவள் பங்கு அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்திருந்தார். 2006-ல் அந்தப் பெயரில் 'சிவசங்கரி தையலகம்' என்று கடன் போட்டேன். கையெழுத்தும் நானே.

ஓர் இடத்தில் சறுக்கிவிட்டேன். மற்ற பத்துப் பேருக்கும் வேறு முகவரி கொடுத்தவன், இவளுக்கு மட்டும் ரேஷன் அட்டையில் இருந்ததை எழுதிவிட்டேன். தவணை நோட்டீஸ் தாயிடம் போய்விட்டது. நேரில் பார்த்து எழுதியவன் நான் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள்; அவர் மீன்கூடையோடு என் அலுவலகத்துக்கே வந்தார்.

"சார், எம் பொண்ணு உசுரோட இருக்குறா. பேங்குல எழுதியிருக்கான், தபால்காரு படிச்சாரு. கடன் வாங்கத் தெரிஞ்சவளுக்கு ஆத்தாளுக்கு ஒரு போன் போடத் தெரியல பாரு, திமிரு புடிச்சவ. நீ பார்த்தியா அவள?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"பார்த்தேம்மா. கொஞ்சம் இளைச்சிருக்கா."

"ஒழுங்கா துன்ன மாட்டா சார் அவ. எங்க இருக்குறா?"

கனகசெட்டிக்குளம் பக்கம் என்றேன். பாக்கிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள், தேடிப் போனால் போலீஸும் பின்னாலேயே வரும், கடன் அடைந்ததும் தானே வருவாள் என்றும் சொன்னேன்.

அன்றிலிருந்து மாதாமாதம் தவணையைக் கொண்டுவந்தார். கம்மல் மூன்றாம் மாதமே போய்விட்டது. நான் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை; வங்கியில் கட்டி ரசீதை அவர் கையில் கொடுத்தேன். மகள் பெயர் அச்சான ரசீது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். தீபாவளிக்கு மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒரு புடவை கொடுத்தார். அந்த நிறம் என் மனைவிக்கு நன்றாகப் பொருந்தியது.

இரண்டு வருடத்தில் கடன் முடியும் நிலைக்கு வந்தது.

"இன்னும் ஒண்ணு கட்டுனா வந்துடுவால்ல சார்?" என்று கேட்டார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பதாகவும் சொன்னார்.

அன்றைக்கே தொழில் விரிவாக்கக் கடனுக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அரசே கூடுதலாகத் தருகிறது. உங்கள் மகளுக்குத் தொழில் நன்றாக நடக்கிறது, இன்னும் இரண்டு மெஷின் வாங்குகிறாள் என்றேன். அவர் அன்றைய ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "கெட்டிக்காரி" என்றார். அடுத்த மாதமும் பணம் வந்தது.

நீங்கள் விசாரித்தபோது என்னை விட்டுவிடச் சொல்லி அழுதாராமே. மகளைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தான் என்றாராம்.

பதினொன்றும் நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தம்மாவிடம் நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடப் போவதாக உங்கள் ஏட்டு சொன்னார். மூன்று வருடமாக நான் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பெண் சிவசங்கரி. நீங்கள் அவளைக் கொன்றால் அந்தப் பாவம் என்னைச் சேராது.