சிவப்பு விளக்கு எரியும்போது

ஒலிபரப்பு அறையில் நாங்கள் மின்விசிறி போடுவதில்லை. அதன் சத்தம் மைக்கில் விழும். அதனால் அத்தான் சட்டையைக் கழற்றி என் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே போவார். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதாகப் புரியும்.

எங்கள் விளையாட்டு வானொலிக்குப் பதினேழு வயது. வெளியூர் ஆட்டங்களுக்கு நாங்கள் போனதே இல்லை. மைதானத்திலிருந்து ஒருவர் போனில் சொல்வார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சீட்டில் எழுதிக் காட்டுவேன்: 'இடப்பக்கம், ஏழாம் எண், கோல்.' அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அதை நேரில் பார்ப்பதுபோல் வர்ணிப்பார். நான் நாடாவிலிருந்து கூட்டத்தின் ஆரவாரத்தை விடுவேன். ஊரே நம்பியது.

"மாப்ளே, உன் கூட்டம் என்னைவிட நல்லா கத்துது. நான் வீட்டுக்குப் போயிடவா?" என்பார்.

நானும் சிரிப்பேன். அவர் போனால் நிலையம் இல்லை. நிலையம் இல்லையென்றால் எனக்கு அந்த நாற்காலி இல்லை. வேறெங்கும் உட்கார எனக்குத் தெரியாது.

அன்று மதியம் சட்டையை மாட்டும்போது சொன்னார்: "பெரிய ஸ்டேஷன்ல கூப்பிட்டுட்டாங்க. இதான் நமக்குக் கடைசி மேட்ச். அக்கா சொல்லலையா?"

"சொல்லல."

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. உனக்கும் ஏதாவது பார்க்கலாம்."

ஒலிபரப்பு அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று இரண்டு வருடமாகிறது. ஆட்டம் முடிந்ததும் நான்தான் திறந்துவிடுவேன். இரண்டாம் பாதியில் அவருக்கு இழுப்பு வந்தது. மூச்சு மருந்து சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடியைத் தட்டினார். எனக்குக் கேட்கவில்லை, அறையை அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தோம். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு சட்டையைக் காட்டினார்.

நான் ஆரவாரத்தைக் கூட்டினேன். அன்று கோல் எதுவும் விழவில்லை. ஆனாலும் தெருமுனைக் கடையில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்களாம்.

நாடா பதினொரு நிமிடம் ஓடும். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிலையத்தில் ஒரே விதிதான்: மைக் ஓடுகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் திறக்கக்கூடாது. அதைக் கதவில் எழுதி ஒட்டியவரே அத்தான்தான். பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட நான் மீறியதில்லை. அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்.

நீங்கள் கேட்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவர் முதல்முறை கண்ணாடியைத் தட்டியபோதே மைக்கை அணைத்துவிட்டேன். விளக்குக்குத் தனி சுவிட்ச். அதை மட்டும் நான் தொடவில்லை.