இரண்டாவது பற்றரி

ஒரு வண்டியில் இரண்டு பற்றரி இருந்தால் அவற்றைப் பிரித்தே வைக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒன்று எஞ்சினைக் கிளப்ப. மற்றது, வண்டியில் தங்கும்போது லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும். இரண்டாவது செத்தாலும் முதலாவது பிழைத்திருக்கும், வண்டி கிளம்பும். மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் மின்சார வேலை பார்த்தவன் நான். நல்லையா தொட்ட வயர் பிசகாது என்று தோட்டத்தில் கேட்டால் சொல்வார்கள், ஐயா.

தனேஸ்வரன் டொக்டரின் வேன் அப்படிப்பட்டதுதான். யாழ்ப்பாணத்துக்காரர். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ். மாதத்தில் நாலு நாள் எங்கள் தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தித் தங்குவார். அதற்குக் கரண்ட் இழுத்துக் கொடுப்பதும், பற்றரிகளைப் பார்ப்பதும் என் பொறுப்பு. பற்றரிப் பெட்டிச் சாவியைக்கூட என்னிடம் கொடுத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை மனுஷனுக்கு ஆகாது.

தொண்ணூற்றாறில் கிரிக்கெட் உலகக் கிண்ணத்தின் கடைசி மேட்ச். அன்று காலையிலிருந்தே மலை முழுக்கக் கரண்ட் இல்லை. வேனில் எல்லாம் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் என் மனைவி ஜெயமலருக்கு வலி கண்டது. தலைப்பிரசவம், இரத்தம் நிற்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் டொக்டர். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் வெளியே போயிருந்தது. வேன் ஒன்றுதான் கதி.

சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்றொரு சத்தம், அவ்வளவுதான். முற்றம் பள்ளத்தில் இருக்கிறது. இருபது பேர் தள்ளியும் வண்டி மேட்டில் ஏறவில்லை. கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்றாவது வளைவில் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள் பிடியை விட்டாள். பிள்ளையும் அவளோடு போய்விட்டது. அந்தக் கையை நான் இன்னும் சரியாகக் கழுவவில்லை, ஐயா.

சாவு வீட்டில் டொக்டர் எல்லார் முன்னாலும் என் தோளைப் பிடித்து அழுதார்.

“என்ர பிழைதான் நல்லையா. விடிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கோணும். என்னை மன்னிச்சிடு.”

அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. படித்த மனுஷன் தன் வாயால் ஒப்புக்கொண்டதை இல்லை என்று சொல்ல நான் யார்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

அடுத்த மாதமும் வந்தார். விடியலில் வெறுங்காலோடு பனிப்புல்லில் இறங்கி முகம் கழுவிவிட்டு, ஈரக் கையால் வேன் கதவைப் பிடிப்பது அவர் வழக்கம். வயரில் நான் என்ன மாற்றினேன் என்பதை உங்கள் பொலிஸ்காரர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிக நேரம் எடுக்கவில்லை. அவர் விழுந்து அடங்கிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிட்டப் போனேன். தொழிலில் அந்தக் கவனம் வேண்டும்.

இரண்டு பற்றரி இருந்தும் எஞ்சின் பற்றரி எப்படிச் செத்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்கு அப்போது கரண்ட் கிடையாது. டீவி பார்ப்பதென்றால் கார் பற்றரியைத் தொழிற்சாலையில் சார்ஜ் பண்ணிக் கொண்டுவருவோம். அன்று கரண்ட் இல்லாததால் அதுவும் காலி. வேனின் இரண்டாவது பற்றரியில் இன்னும் நிறையச் சார்ஜ் இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு, ஃபிரிட்ஜ் நிற்காமலிருக்க அந்த வயரை எஞ்சின் பற்றரியில் கொடுத்தேன். டொக்டருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஜெயமலர்.

“வண்டி பற்றரியையா கழட்டிட்டு வந்தீங்க? அவசரத்துக்கு வண்டி வேணுமின்னா என்னங்க செய்வாங்க?” என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“மேட்ச் முடிஞ்சதும் வச்சிருவேன் புள்ள. லயமே பாக்க வந்திருக்கு.”

வைத்திருப்பேன், ஐயா. மேட்ச் முடியவில்லையே. அவர்தான் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்க வேண்டும். என் வேலையில் குறை சொல்ல முடியாது. லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அன்று டீவியில் படம் கடைசிவரை மங்கவில்லை.